தினமும் எழுதுகிறேன், எழுத்து மட்டும் தேறவே இல்லை. என்ன செய்யலாம்?

பாதிக்கதை:

வணக்கம். சிறுகதையும் அவ்வப்போது கட்டுரையும் எழுதுகிறேன். வேலைக்குப் போகிற ஆள் என்பதால் இரவில்தான் நேரம். எழுதாமல் படுப்பதில்லை என்று ஒரு வைராக்கியம். அதை விடாமல் காப்பாற்றியும் வருகிறேன். சோம்பேறித்தனம் என்று யாரும் சொல்லிவிட முடியாது.

போன வருடம் எழுதியதையும் போன வாரம் எழுதியதையும் எடுத்து வைத்துப் பார்த்தால் வித்தியாசமே தெரியவில்லை. அதே மாதிரி ஆரம்பம், அதே மாதிரி வாக்கியம். நண்பர்களிடம் கொடுத்தால் 'நல்லா இருக்கு' என்கிறார்கள். இதழ்களுக்கு அனுப்பினால் பதிலே வருவதில்லை. 'நிறைய வாசி, நிறைய எழுது' என்று மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள். இரண்டையும் செய்துகொண்டுதான் இருக்கிறேன். உட்கார்ந்து செய்து பார்க்கிற மாதிரி ஏதாவது இருந்தால் சொல்லுங்கள்.

மாதிரிக்கு, இப்போது எழுதிக்கொண்டிருக்கும் கதையின் முதல் பத்தி கீழே. தாராளமாகக் கிழிக்கலாம்.

"அன்று மாலை வானம் சோகத்தைச் சுமந்துகொண்டிருந்தது. மருத்துவமனையின் நீண்ட தாழ்வாரத்தில் அமர்ந்திருந்த ரகுவின் மனதில் இனம்புரியாத ஒரு வெறுமை குடிகொண்டிருந்தது. காலம் உறைந்து நின்றதுபோல் அவனுக்குத் தோன்றியது. அப்பாவைப் பார்த்து ஆறு வருடங்கள் ஆகிவிட்டிருந்த நிலையில், அவரிடம் என்ன பேசுவது என்று தெரியாமல் தவித்துக்கொண்டிருந்த அவன், கையில் இருந்த பழப் பையைப் பார்த்துக்கொண்டே, கதவு திறக்கப்படும் ஒவ்வொரு முறையும் திடுக்கிட்டு எழுந்து நின்றான்."

காலைநேரம்:

இரவில் எழுதுவதை விட்டுவிட்டுக் காலைக்கு மாறிப் பாருங்கள் நண்பரே. ஆங்கில நாவலாசிரியர் ஆன்டனி ட்ரொலோப் தபால் துறையில் அதிகாரியாக இருந்தவர். வேலைக்குப் போவதற்கு முன்னால், விடியற்காலை ஐந்தரைக்கே மேஜையில் உட்கார்ந்துவிடுவார். கடிகாரத்தை எதிரில் வைத்துக்கொண்டு கால் மணி நேரத்துக்கு 250 சொல் என்று கணக்கு. இப்படியே 47 நாவல் எழுதி முடித்தார். எழுத்துக்கு மனநிலை வர வேண்டும், மழை வர வேண்டும் என்பதெல்லாம் சும்மா. கணக்கு வைத்துக்கொண்டு எழுதினால் எழுத்து தானாக வரும். நானும் அப்படித்தான் செய்கிறேன்.

மெய்ப்புக்காரி:

தம்பி பாதிக்கதை, கிழிக்கலாம் என்று சொன்னதற்கு முதலில் ஒரு சபாஷ். நிறையப் பேர் அப்படிச் சொல்லிவிட்டு, கிழித்ததும் மூன்று நாள் பேச மாட்டார்கள். நீங்கள் அப்படி இல்லை என்று நம்பித்தான் எழுதுகிறேன்.

நான் எழுத்தாளர் இல்லை. மெய்ப்பு பார்க்கிற வேலைக்கு, அதாவது அச்சுக்குப் போகுமுன் பிழை பார்க்கிற வேலைக்குச் சேர்ந்து, அப்புறம் பிரதி திருத்துகிற வேலைக்கு வந்தவள். அடுத்தவர் எழுதியதை வாசிப்பதுதான் எனக்குப் பிழைப்பு. ஆகவே இது திருத்துகிறவளின் பார்வை. எழுதுகிறவர்கள் வேறு மாதிரி சொல்லக்கூடும்.

காலைநேரம் சொன்ன கதையில் பாதி விட்டுப்போயிற்று. ட்ரொலோப் உட்கார்ந்ததும் கடிகாரத்தைப் பார்த்து எழுத ஆரம்பித்துவிட மாட்டார். முந்தைய நாள் எழுதியதை முதலில் அரை மணி நேரம் வாசிப்பார். சொல்லையும் தொடரையும் காதால் நிறுத்துப் பார்ப்பதுதான் அந்த வாசிப்பு என்று தன் வரலாற்றில் அவரே எழுதியிருக்கிறார். எல்லோரும் அந்த 250-ஐப் பிடித்துக்கொள்கிறார்கள், அந்த அரை மணி நேரத்தை விட்டுவிடுகிறார்கள்.

உங்கள் விஷயமும் இதுதான் என்று எனக்குச் சந்தேகம். தினமும் எழுதுகிறீர்கள், சரி. எழுதியதை எப்போது வாசிக்கிறீர்கள்? இரவு எழுதிவிட்டுப் படுத்து, அடுத்த இரவு புதிதாக ஒன்றை ஆரம்பித்தால், இருக்கிற பழக்கம்தான் இன்னும் இறுகும். கை வேகமாகும், வாக்கியம் மாறாது. முதல் வரைவு எழுதிப் பழகியிருக்கிறீர்கள். இரண்டாவது வரைவு எழுதிப் பழகவில்லை. எழுதும் நேரத்தில் பாதியைத் திருத்துவதற்குக் கொடுங்கள். எனக்குச் சொல்லத் தெரிந்தது இது ஒன்றுதான். மற்றதெல்லாம் அதை எப்படிச் செய்வது என்பது.

இப்போது உங்கள் பத்தி.

முதல் மூன்று வாக்கியங்களையும் அடித்துவிட்டேன். 'வானம் சோகத்தைச் சுமந்துகொண்டிருந்தது.' இந்த வானத்தை அப்படியே எடுத்து வேறு எந்தக் கதையின் தலையில் வைத்தாலும் பொருந்தும். அதுதான் அதன் குற்றம். 'இனம்புரியாத வெறுமை' என்று எழுதியபோது, அது என்ன உணர்ச்சி என்று யோசிப்பதை அதே இடத்தில் நிறுத்திவிட்டீர்கள். ரகுவுக்கு இனம் புரியாமல் இருக்கலாம், அவனை எழுதுகிறவருக்குப் புரிந்தாக வேண்டும். 'காலம் உறைந்து நின்றது' பற்றி நான் ஒன்றும் சொல்வதற்கில்லை. என் மேஜைக்கு வருகிற பிரதிகளில் காலம் வாரம் தவறாமல் உறைந்து நிற்கிறது.

நான்காவது வாக்கியத்தில்தான் கதை இருக்கிறது. கதவு திறக்கும்போதெல்லாம் வளர்ந்த ஆண் ஒருவன் எழுந்து நிற்கிறான். ஆறு வருடம் முகத்தைப் பார்க்காத அப்பா, கதவுக்கு அந்தப் பக்கம் படுத்திருந்தபடியே அவனை எழுந்து நிற்க வைக்கிறார். இதை வாசித்தபோது எனக்கு 'அட' என்றிருந்தது. பயமா, மரியாதையா, பழைய பழக்கமா என்று யோசிக்கத் தோன்றியது. ஆனால் அங்கே போய்ச் சேருவதற்குள் மூச்சு வாங்கிவிட்டது.

ஏன் மூச்சு வாங்குகிறது என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், இது எல்லோருக்கும் உதவும். தமிழில் வினைமுற்று கடைசியில் வருகிறது. யார் என்ன செய்தார் என்பது தெரிவதற்கு முன்னால் வருகிற எல்லாவற்றையும் வாசகர் மனதில் ஏந்திக்கொண்டே வர வேண்டும். அதற்காக நீளமான வாக்கியமே கூடாது என்று பொருள் இல்லை. இதைப் பாருங்கள்: 'ரகு எழுந்து, கதவு வரைக்கும் போய், கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்து, எதுவும் தெரியாமல் திரும்பி வந்து உட்கார்ந்தான்.' நீளம்தான், ஆனால் சிரமம் இல்லை. ஆள் யார் என்று முதலிலேயே தெரிந்துவிட்டது; ஒவ்வொரு எச்சத்திலும் ஒரு செயல் முடிந்து, அடுத்தது தொடங்குகிறது. நடந்த வரிசையிலேயே வாசித்துக்கொண்டு போகலாம்.

உங்கள் வாக்கியத்தில் நடப்பது வேறு. 'ஆகிவிட்டிருந்த நிலையில்', 'தெரியாமல் தவித்துக்கொண்டிருந்த அவன்' என்று ஒரு பெயருக்கு முன்னால் பெயரெச்சங்களை அடுக்குகிறீர்கள். யாரைப் பற்றிப் பேசுகிறோம் என்பது 'அவன்' வருகிற வரைக்கும் உறுதியில்லை. 'அவன்' வந்த பிறகும் இன்னொரு சுற்றுச் சுற்றித்தான் வினைக்குப் போகிறோம். 'தவித்துக்கொண்டிருந்த அவன்' என்ற இந்தக் கட்டுமானத்தை எங்கே கண்டாலும் உடைத்துவிடுங்கள். அவன் தவித்தான் என்பது ஒரு வாக்கியம். அவன் எழுந்து நின்றான் என்பது இன்னொரு வாக்கியம். 'நிலையில்' என்பது அறிக்கை எழுதுகிறவர்களுக்கு இருக்கட்டும். 'கதவு திறக்கப்படும்' என்று ஏன்? கதவு திறக்கிறது என்றாலே போதும், இல்லாவிட்டால் யார் திறந்தார் என்று சொல்லிவிடலாம்.

சரி, எல்லாவற்றையும் உடைத்துவிட்டால் தந்தி மாதிரி ஆகிவிடாதா என்றால், ஆகும். நாலு சின்ன வாக்கியம் வந்த பிறகு ஒரு நீள வாக்கியம் காதுக்கு வேண்டியிருக்கும். அது வாய்விட்டு வாசிக்கும்போது தானே தெரியும்.

இனி கேள்விகள். பழப் பை எதற்கு? கதைகளில் மருத்துவமனைக்குப் போகிற எல்லோரும் பழப் பையோடுதான் போகிறார்கள். ஆறு வருடம் பேசாத மகன் எதை எடுத்துக்கொண்டு போவான்? கதவைத் திறப்பது யார்? இவன் எழுந்து எழுந்து உட்காருவதை வேறு யாராவது பார்க்கிறார்களா? எனக்குப் பதில் எழுத வேண்டாம். பதிலை யோசித்து வைத்துக்கொண்டு, பழைய பத்தியைப் பார்க்காமல் மறுபடி எழுதுங்கள். பழையதைத் திறந்து வைத்துக்கொண்டால் அதைத்தான் ஒட்டுப்போடத் தோன்றும்.

பாதிக்கதை:

அக்கா, மூன்று நாள் பேசாமல் இருக்கத்தான் தோன்றியது. ஒரு நாளோடு விட்டுவிட்டேன்.

பை பற்றிய கேள்விதான் சரியான இடத்தில் விழுந்தது. எழுதும்போது அதைப் பற்றி யோசிக்கவே இல்லை. கை தானாகப் 'பழம்' என்று எழுதிவிட்டது. யோசித்தபோது ரகுவின் அப்பா சவரம் செய்யாமல் ஒரு நாள்கூட அறையை விட்டு வெளியே வராதவர் என்று தோன்றியது. மறுபடி எழுதியது இது.

"கதவு திறக்கும்போதெல்லாம் ரகு எழுந்து நின்றான். ஒவ்வொரு முறையும் நர்ஸ்தான் வந்தாள். மூன்றாவது முறை அவள், 'உட்காருங்க சார், இன்னும் நேரமாகும்' என்றாள். உட்கார்ந்தான். மடியில் இருந்த பையில் ரேசர், சோப்பு, பிரஷ், ஒரு சின்னக் கண்ணாடி. அப்பாவைப் பார்த்து ஆறு வருடம் ஆகிறது. அவர் முகத்தில் ஒரு நாள் தாடியைக்கூட அவன் பார்த்ததில்லை. அவனுக்குள் சொல்ல முடியாத ஒரு பதற்றம் அலைமோதிக்கொண்டிருந்தது."

சந்திப்பிழை:

அட, இது வேறு ஆள் எழுதியது மாதிரி இருக்கிறதே! கடைசி வாக்கியம் மட்டும் பழைய ஆள்.

நானும் ஒன்று சொல்லிவிடுகிறேன், இது செய்து பார்க்கிற வகைதான். பெஞ்சமின் ஃபிராங்க்ளின் சிறுவனாக அண்ணனின் அச்சகத்தில் வேலை பார்த்தபோது, 'ஸ்பெக்டேட்டர்' என்ற ஆங்கில இதழின் தொகுதி ஒன்று கையில் கிடைத்தது. அதன் நடை பிடித்துப்போய், அப்படி எழுதிப் பழக ஒரு வழி கண்டுபிடித்தார். ஒரு கட்டுரையை எடுத்து, ஒவ்வொரு வாக்கியமும் என்ன சொல்கிறது என்று சின்னக் குறிப்பு எழுதிக்கொள்வார். சில நாள் அதைத் தொடாமல் வைத்துவிடுவார். அப்புறம் மூலத்தைப் பார்க்காமல், குறிப்பை மட்டும் வைத்துக் கட்டுரையைத் தன் சொல்லில் எழுதி, மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்துவார். தன்னிடம் சொல்வளம் போதவில்லை என்று தெரிந்ததும், கதைகளைச் செய்யுளாக மாற்றி, உரைநடை மறந்துபோன பிறகு திரும்ப உரைநடை ஆக்கினார். குறிப்புகளைக் கலைத்துப் போட்டு, சில வாரம் கழித்துச் சரியான வரிசையில் அடுக்கிப் பார்ப்பதும் உண்டு. இதெல்லாம் வேலை முடிந்த இரவிலும், வேலை தொடங்குவதற்கு முன் காலையிலும், ஞாயிற்றுக்கிழமைகளிலும். தன் வரலாற்றில் எழுதியிருக்கிறார்.

உங்களுக்குப் பிடித்த கட்டுரை ஒன்றை எடுத்து இதைச் செய்து பாருங்கள். செய்யுள் பகுதியை நான் தொடவில்லை, அந்தத் தைரியம் எனக்கு வரவில்லை.

மெய்ப்புக்காரி:

சந்திப்பிழை சொன்னது நல்ல பயிற்சி. நான் ஒன்றே ஒன்று சேர்ப்பேன். ஒப்பிடும்போது நீங்கள் எழுதியது எங்கே நீளமாகியிருக்கிறது என்று பாருங்கள். அவர் ஒரு வாக்கியத்தில் முடித்ததை நீங்கள் மூன்றில் முடித்திருந்தால், அந்த மூன்றில்தான் உங்கள் பழக்கங்கள் எல்லாம் வரிசையாக நிற்கும். பிடித்த எழுத்தாளரைப் போலவே எழுத ஆரம்பித்துவிடுவேனோ என்று பயப்பட வேண்டாம். கொஞ்ச நாள் அப்படித்தான் வரும். நிறையப் பேரை எடுத்துச் செய்தால் யாருடைய சாயலும் நிலைக்காது.

தம்பி, புதுப் பத்தி. நர்ஸ் 'உட்காருங்க சார்' என்று சொன்னதில் கதை நிமிர்ந்துவிட்டது. அவன் நிற்பதை ஒரு ஆள் பார்த்துவிட்டாள், அவனுக்குக் கூச்சம், நமக்கும் கூச்சம். சின்னக் கண்ணாடி எங்கிருந்து வந்தது? நான் கேட்காமலே வந்திருக்கிறது. அதை விட்டுவிடாதீர்கள், பின்னால் யாராவது அதில் முகம் பார்க்க வேண்டும்.

கடைசி வாக்கியத்தைச் சந்திப்பிழை பிடித்துவிட்டார். பவணந்தியார் நன்னூலின் பாயிரத்திலேயே இதற்குப் பெயர் வைத்திருக்கிறார்: கூறியது கூறல். எழுந்து எழுந்து நிற்கிறவனுக்குப் பதற்றம் என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை. சொன்னால், முன்னால் காட்டியது போதவில்லையோ என்று நீங்களே சந்தேகப்படுவதுபோல் ஆகிவிடும்.

நன்னூல் என்றதும் எல்லோரும் ஓடிப்போக வேண்டாம். அது பதின்மூன்றாம் நூற்றாண்டு இலக்கண நூல், பரீட்சைக்கு மனப்பாடம் செய்து மறந்ததுதான். ஆனால் ஒரு நூலுக்கு ஆகாத பத்துக் குற்றம் என்று அதில் ஒரு பட்டியல் வருகிறதே, திருத்துகிறவளுக்கு அதைவிட நல்ல கைப்பிடி நான் பார்க்கவில்லை. குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல், மாறுகொளக் கூறல், வழூஉச்சொல் புணர்த்தல், மயங்க வைத்தல், வெற்றெனத் தொடுத்தல், மற்றொன்று விரித்தல், சென்று தேய்ந்து இறுதல், நின்று பயனின்மை. பத்தையும் விளக்கப் போவதில்லை, பாதி பெயரிலேயே புரிந்துவிடும். என் வேலையில் அதிகம் பார்ப்பது இரண்டு.

ஒன்று, மற்றொன்று விரித்தல். அப்பாவும் மகனும் பற்றிய கதை. நடுவில் மருத்துவமனை நிர்வாகம் பற்றி உங்களுக்குக் கோபம் வருகிறது, இரண்டு பக்கம் போகிறது. அந்த இரண்டு பக்கம் நன்றாகவும் இருக்கும், அதுதான் தொல்லை. வெட்டியதைப் போட்டு வைக்கத் தனியாக ஒரு கோப்பு வைத்துக்கொள்ளுங்கள். எங்கேயும் போய்விடவில்லை, அங்கேதான் இருக்கிறது என்று தெரிந்தால் கை கூசாமல் வெட்டும். அதைத் திரும்ப எடுத்துப் பயன்படுத்துகிறவர்கள் குறைவு, அது வேறு விஷயம்.

இன்னொன்று, சென்று தேய்ந்து இறுதல். பெரிதாக ஆரம்பித்துப் போகப் போகத் தேய்ந்துபோவது. கற்பனை வற்றிவிட்டது என்று எழுதுகிறவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். நான் பார்த்த வரையில் காரணம் மிகச் சாதாரணமானது. திருத்த உட்காரும்போதெல்லாம் முதல் வரியிலிருந்து வாசிக்கிறார்கள். இரண்டு பக்கம் திருத்துவதற்குள் நேரம் முடிந்துவிடும். அடுத்த நாள் மறுபடி முதல் வரி. கடைசியில் முதல் பக்கம் பலமுறை திருத்தப்பட்டதாகவும் கடைசிப் பக்கம் ஒரே மூச்சில் எழுதியதாகவும் நிற்கும். வாசிக்கிறவருக்கு அந்த இறக்கம் நன்றாகவே தெரியும். ஆகவே ஒரு நாள் விட்டு ஒரு நாளாவது கடைசிப் பத்தியிலிருந்து பின்னோக்கித் திருத்துங்கள். பத்தி பத்தியாக, கீழிருந்து மேலே. கதையின் ஓட்டம் இழுத்துக்கொண்டு போகாது என்பதால் வாக்கியங்கள் தனித்தனியாகக் கண்ணில் படும். மெய்ப்பு பார்க்கிறவர்களுக்கு இது பழைய வித்தை.

அப்புறம், வாய்விட்டு வாசிப்பது. எல்லோரும் சொல்வதுதான், ஆனால் அதில் ஒரு ஓட்டை இருக்கிறது. எழுதியவரே வாசித்தால் குரலாலேயே வாக்கியத்தைக் காப்பாற்றிவிடுவார். எங்கே நிறுத்த வேண்டும், எங்கே அழுத்த வேண்டும் என்று அவருக்குத் தெரியுமே. அதனால் ஃபோனில் இருக்கிற வாசித்துக் காட்டும் வசதியைப் போட்டுக் கேளுங்கள். அந்தக் குரலுக்கு உங்கள் மேல் எந்தப் பரிவும் கிடையாது, எழுதியிருப்பதை எழுதியிருக்கிறபடி வாசிக்கும். எந்த இடத்தில் உங்கள் காது வேறு எங்கோ போகிறதோ, அங்கே ஒரு கோடு போட்டுவிட்டுத் தொடர்ந்து கேளுங்கள். உடனே நிறுத்தித் திருத்த வேண்டாம். முழுக்கக் கேட்டால்தான் எந்தப் பகுதியில் கோடு அதிகம் என்று தெரியும்.

நடைமேடை:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். நான் கதை எழுதுவதில்லை, கட்டுரை மட்டும். இதெல்லாம் கட்டுரைக்கும் பொருந்துமா? அப்புறம், சந்தியில் நான் ரொம்ப மோசம். அதை முதலில் கற்றுக்கொண்டால்தான் எழுதவே வேண்டும் என்று ஒருவர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து ஒவ்வொரு வாக்கியத்திலும் நின்று நின்று போகிறேன்.

மெய்ப்புக்காரி:

அந்த ஒருவருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். சந்தி பார்க்கிறதே என் வேலை, அதனால் தைரியமாகச் சொல்கிறேன்: சந்தியைக் கடைசியாகப் பாருங்கள். முதலில் எந்தப் பகுதி இருக்க வேண்டும், எது போக வேண்டும் என்று பாருங்கள். அப்புறம் பத்தி, அப்புறம் வாக்கியம், எல்லாம் முடிந்தபின் ஒற்று. வரிசையை மாற்றினால் என்ன ஆகும் என்று நான் பார்த்திருக்கிறேன். காற்புள்ளி முதல் ஒற்று வரை பார்த்துப் பார்த்துச் செதுக்கிய பத்தியை வெட்ட மனம் வராது. போக வேண்டிய பத்தி, பிழையே இல்லாமல் நிற்கும்.

அதற்காகச் சந்தி வேண்டாம் என்று நான் சொன்னதாகக் கிளம்பிவிடாதீர்கள். 'தந்த பலகை' என்றால் யாரோ கொடுத்த பலகை, 'தந்தப் பலகை' என்றால் யானைத் தந்தத்தில் செய்தது. ஒரு புள்ளி எழுத்தில் பொருளே மாறுகிறது. பெரும்பாலான இடங்களைச் சில விதிகளே பார்த்துக்கொள்ளும். அந்த, இந்த, எந்த, அப்படி, இப்படி, எப்படி ஆகியவற்றுக்குப் பின் க, ச, த, ப வந்தால் ஒற்று மிகும். ஐ, கு உருபுகள் வெளிப்படையாக வந்தாலும் மிகும்: கதையைச் சொன்னான், கடைக்குப் போனான். 'எழுதிப் பார்', 'எழுதப் பழகு' என்று இகரத்திலும் அகரத்திலும் முடிகிற வினையெச்சத்துக்குப் பின் மிகும். 'எழுதிய கதை', 'வந்த பையன்' போன்ற பெயரெச்சத்துக்குப் பின் மிகாது. இவ்வளவு கையில் இருந்தால் மீதியைத் திருத்துகிறவர்கள் பார்த்துக்கொள்வோம், எங்களுக்கும் வேலை வேண்டாமா?

கட்டுரைக்கு ஒரு சோதனை. முதல் பத்தியை மூடிவிட்டு இரண்டாவது பத்தியிலிருந்து யாரையாவது வாசிக்கச் சொல்லுங்கள். ஏதோ விட்டுப்போனதாக அவருக்குத் தோன்றாவிட்டால், அந்த முதல் பத்தி நீங்கள் தொண்டையைச் செருமிக்கொண்டது. 'மனிதன் தோன்றிய காலம் முதல்' என்று தொடங்குகிற கட்டுரைகளில் இது அநேகமாகப் பலிக்கும். இன்னொன்று: இந்தக் கட்டுரையில் என்ன சொல்கிறேன் என்று ஒரே வாக்கியத்தில் எழுதி மேலே வைத்துக்கொள்ளுங்கள். 'கல்வி பற்றி' என்றால் அது தலைப்பு. 'தேர்வுக்கு முந்தைய வாரம் வகுப்பு நடத்துவது வீண்' என்றால் அது வாக்கியம். அதை ஒருவர் மறுக்க முடியும். யாராலும் மறுக்க முடியாததை எழுதினால் யாரும் வாசிக்க மாட்டார்கள்.

பாதிக்கதை:

ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது அக்கா. யாரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்வது? என் நண்பர்கள் 'நல்லா இருக்கு' என்பதற்கு மேல் சொல்வதே இல்லை.

காலைநேரம்:

அந்த அரை மணி நேரத்தை நான் விட்டுவிட்டது உண்மைதான். நேற்று முதல் முறையாக, முந்தைய நாள் எழுதியதை வாசித்துவிட்டு எழுதினேன். வழக்கமான கணக்கில் பாதிதான் வந்தது. இதற்கு என்ன சொல்கிறீர்கள் மெய்ப்புக்காரி?

மெய்ப்புக்காரி:

காலைநேரம், மீதிப் பாதி போன இடம் நல்ல இடமாகத்தான் இருக்கும். ஆனால் கணக்கையும் விட்டுவிடாதீர்கள். ஆரம்பித்ததை முடிக்கவே முடியாதவர்களுக்குக் கணக்குதான் மருந்து. நம் தம்பியின் நோய் வேறு என்பதால்தான் இங்கே வேறு மருந்து சொன்னேன்.

தம்பி, நண்பர்கள் மேல் குற்றம் இல்லை. 'எப்படி இருக்கு?' என்று கேட்டால் 'நல்லா இருக்கு' என்றுதான் யாரும் சொல்வார்கள், வேறு என்ன சொல்ல முடியும்? கேள்வியை மாற்றுங்கள். வாசிக்கும்போது எந்த இடத்தில் ஃபோனை எடுத்தீர்கள்? எந்த வரியைத் திரும்பப் போய் வாசித்தீர்கள்? இப்படிக் கேட்டால் பாராட்டவும் வேண்டியதில்லை, திட்டவும் வேண்டியதில்லை, இடத்தைக் காட்டினால் போதும். பெரும்பாலும் காட்டிவிடுவார்கள்.

இரண்டு நாள் கழித்துக் கதையைத் திரும்பச் சொல்லச் சொல்லுங்கள். இது இன்னும் நல்லது. ஞாபகத்தில் எது தங்கியிருக்கிறது என்று கேட்டுக்கொண்டே இருங்கள். நீங்கள் உயிரைக் கொடுத்து எழுதிய காட்சியை அவர் சொல்லாமல் போகலாம். போகிற போக்கில் எழுதிய ஒன்றைப் பிடித்துக்கொண்டு சொல்லலாம். நடுவில் புகுந்து 'இல்லை, அங்கே நான் சொல்ல வந்தது என்னவென்றால்' என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள். ஆரம்பித்தால் அவர் அதற்கு மேல் உண்மையைச் சொல்ல மாட்டார், உங்களுக்குத் தோதாகச் சொல்லுவார்.

எழுதுகிறவர்களிடம் மட்டும் கொடுக்காதீர்கள். எழுதுகிறவர் வாசித்தால் தான் எப்படி எழுதியிருப்பார் என்றுதான் சொல்லுவார், நானும் உட்பட. கதை வாசிக்கிற பழக்கம் உள்ள, எழுதும் ஆசையே இல்லாத ஒருவர் கிடைத்தால் அவரைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

இதழ்கள் பதில் போடாதது பற்றி: அதில் பொருள் தேடாதீர்கள். பல இடங்களில் வருகிற எல்லாப் பிரதிக்கும் பதில் எழுத ஆள் கிடையாது. அனுப்பிவிட்டு அடுத்த கதையை எடுங்கள். இந்த ரகு கதையை மட்டும் இப்போதைக்கு யாருக்கும் அனுப்பாதீர்கள், முடித்துவிட்டுக் கொஞ்ச நாள் மூடி வையுங்கள்.

பாதிக்கதை:

நன்றி அக்கா, எல்லோருக்கும் நன்றி. இந்த வாரம் புதிதாக எதையும் தொடப் போவதில்லை, ரகு மட்டும்தான். ஞாயிற்றுக்கிழமை முழுக் கதையையும் இங்கே போடலாமா? வாசிப்பீர்களா?

மெய்ப்புக்காரி:

கடைசிப் பக்கத்தை மட்டும் போடுங்கள். முதல் பக்கத்தைத்தான் எல்லோருமாகச் சேர்ந்து திருத்தியாயிற்றே.